கடல் கடந்த பட்டமும் சபை தந்த பட்டமும்

தீவகக் கல்வி வரலாறு – 17

நாரந்தனையில் பிறந்த ஒருவர் பட்டதாரியாக வேண்டுமானால் எத்தனை கடல் தாண்ட வேண்டியிருந்தது என்ற கேள்வியிலிருந்து இந்த அத்தியாயம் புறப்படுகிறது. ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு அண்மையில், கரம்பனை அயலூராகக் கொண்டு, சைவக் கோயில்களும் கத்தோலிக்கத் தேவாலயங்களும் கொண்ட இந்தக் கிராமத்துக்கு எழுத்தறிவு நேற்று வந்ததல்ல. திண்ணைப் பள்ளிகளையும் மிஷன் பள்ளிகளையும் சைவ வித்தியாசாலைகளையும் முன்னைய அத்தியாயங்களில் பார்த்தோம். ஆயினும் 1974 வரை, தீவகத்திலோ யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கவில்லை. கல்வி ஊரில் இருந்தது. அதற்குச் சான்று கூறும் அதிகாரம் கடலுக்கு அப்பால் இருந்தது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் ஒரு புலவருக்கோ கலைஞருக்கோ கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கப்படும்போது, அது மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பார்த்துச் செய்யும் சடங்கு என்று கருதுவோர் பலர். நம் மண்ணின் கல்வி வரலாறு வேறு முடிவுக்கே நம்மைக் கொண்டு செல்கிறது. பல்கலைக்கழகம் இல்லாத காலத்தில் கல்வியைக் காத்தவர்களுக்கு, பல்கலைக்கழகம் வந்த பின்னர் செலுத்தும் கடனே இங்கே கௌரவப் பட்டம். அப்படிக் கொண்டால்தான் அதை யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது, எப்படிக் கொடுப்பது என்ற கேள்விகளுக்கும் நேரான விடை கிடைக்கும்.

ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இந்த இடைவெளியைக் காணலாம். யாழ்ப்பாணத்தை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயிற்று. நாரந்தனையும் கரம்பனும் வேலணையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று. லைடன் நகரின் பல்கலைக்கழகம் 1575இல் நிறுவப்பட்டது. நெதர்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அதுவே. ஒல்லாந்தப் படையுடன் யாழ்ப்பாணம் வந்து இங்கே மதகுருவாகப் பணியாற்றிய பிலிப்பஸ் பல்தேயஸ் டெல்ஃப்ற் நகரில் பிறந்தவர், லைடனில் படித்தவர். 1672இல் வெளிவந்த அவருடைய நூல் யாழ்ப்பாணத்துக் கோவிற்பற்றுகளையும் அங்கிருந்த பள்ளிகளையும் படித்த பிள்ளைகளின் தொகையையும் விவரமாகப் பதிந்திருக்கிறது. தீவுகளும் அந்தப் பதிவுக்குள் வருகின்றன. பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பள்ளிக்குப் போன நாடு அது என்பதை அந்நூலைப் படிப்பவர் உணர்வார். அந்தப் பள்ளிகள் வேதபாடத்தையும் அடிப்படை எழுத்தையும் கற்பிப்பதோடு நின்றன. அதற்கு மேல் செல்லும் வழி அரசின் தேவைக்கும் திருச்சபையின் தேவைக்கும் உட்பட்டே, மிகச் சிலருக்காகவே திறந்தது. தொடக்கக் கல்வியைப் பரவலாகக் கொடுத்து, உயர்கல்வியின் வாயிலைத் தூர தேசத்தில் வைத்திருப்பது அன்றே தொடங்கிய வழக்கம்.

ஆங்கிலேயர் காலத்தில் இந்த வாயிலை இங்கேயே திறக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு கல்லூரி அமைக்கத் திட்டம் வெளியிட்டார்கள். கணிதம், வானியல், மெய்யியல், ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம் எல்லாம் கற்பிக்கும் உயர்கல்வி நிலையமாக அது வகுக்கப்பட்டிருந்தது. அமெரிக்கர் அப்படி ஒரு கல்லூரி நடத்துவதற்கு ஆங்கில அரசின் இசைவு கிடைக்கவில்லை. ஆகவே அது செமினரி என்ற பெயரோடு நடந்தது. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். இலங்கை அரசின் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1850இல் எழுதிய நூலில், அங்கு மாணவர் பெறும் கல்வி ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத்தக்கது என்ற கருத்தைப் பதிந்தார். பல்கலைக்கழகத் தரம் இருந்தது. பட்டம் கொடுக்கும் உரிமை இல்லை. 1855இல் செமினரி மூடப்பட்டது. அது மூடப்பட்டு இரண்டு ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அது முதன்முதலாக நடத்திய பி.ஏ. தேர்வில் தேறிய இருவரும் வட்டுக்கோட்டையில் படித்த யாழ்ப்பாணத்தவர்: ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னையின் முதற் பட்டதாரிகள் நம்மவர்கள் என்று பெருமையோடு சொல்கிறோம், பெருமைதான். அந்தப் பெருமைக்குள் இன்னோர் உண்மையும் உண்டு. அவர்களை உருவாக்கிய வட்டுக்கோட்டை அவர்களுக்குப் பட்டம் தர முடியாதிருந்தது. கற்பித்த இடம் ஒன்று, சான்று தந்த இடம் இன்னொன்று.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதே முறைதான் தொடர்ந்தது. யாழ்ப்பாணத்து மாணவர் கல்கத்தா, சென்னைப் பல்கலைக்கழகங்களின் தேர்வுகளுக்கும், பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுகளுக்கும் ஆயத்தம் செய்தார்கள். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தபோதும் அங்கே படித்தவர் எழுதியது இலண்டன் தேர்வைத்தான். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பிறகே நாட்டுக்குள் ஒரு பட்டம் கிடைத்தது. நாரந்தனைக்குப் பக்கத்து ஊரான கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளின் வாழ்க்கை இந்தப் பயணத்தின் முழு நீளத்தையும் காட்டுகிறது. ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்த அவர், கொழும்பில் குருத்துவக் கல்வி கற்று, உரோமாபுரியில் இறையியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுமாணியானார். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய அவருடைய ஆய்வும் அங்கேதான் நடந்தது. அதன்பின் இலண்டனில் பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை பற்றி ஆராய்ந்து இன்னொரு கலாநிதிப் பட்டம் பெற்றார். இப்படிப் பெற்ற புலமையையெல்லாம் அவர் தமிழுக்கே திருப்பிக் கொடுத்தார். 1952இல் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆங்கில இதழும், 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் அதற்குச் சான்று. தீவகத்தின் மிகச் சிறந்த மூளை ஒன்று தன் சொந்த மொழியில் பட்டம் பெறவே கடல் கடக்க வேண்டியிருந்தது என்பதை வரலாறு எழுதுபவர் கடந்து போக முடியாது. அவருக்குப் பயண வசதியும் திருச்சபையின் துணையும் இருந்தன. அவை இல்லாத அறிவாளர் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை காண நாம் இன்னொரு மரபுக்குத் திரும்ப வேண்டும். பல்கலைக்கழகம் இல்லாதபோதும் நம் சமூகம் புலமையை அளந்து பெயர் சூட்டும் வழக்கத்தை வைத்திருந்தது. யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுகம்பிள்ளை 1849இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்தில் சைவப் பிரசங்கம் செய்தார். கேட்டு வியந்த ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டத்தை வழங்கியது. தேர்வுத்தாள் இல்லை, பதிவேடு இல்லை. ஆனால் அளவை இருந்தது. இலக்கணமும் சித்தாந்தமும் துறைபோகக் கற்ற சபை ஒன்றின் முன்னே பேசி, அந்தச் சபை ஏற்றுக்கொண்ட பிறகே அந்தப் பெயர் கிடைத்தது. சபைக்குத் தெரியாத பொருளில் சபை பட்டம் கொடுக்கவில்லை. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியபோது இந்த மரபு தேர்வு வடிவம் பெற்றது. அதன் பண்டிதர் தேர்வில் இலங்கையிலிருந்து முதலில் தேறியவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். 1921இல் யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் தோன்றி, பிரவேச பண்டிதர், பாலபண்டிதர், பண்டிதர் என்ற தேர்வுகளை நடத்தியது. தீவகத்துப் பள்ளிக்கூடங்களிலும் குடாநாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் இரண்டு தலைமுறைக்குத் தமிழ் கற்பித்தவர்களில் பலர் இத்தகைய தேர்வுகளால் உருவானவர்கள். அரசின் சம்பளப் பட்டியலில் அவர்களுடைய புலமைக்கு உரிய இடம் இருக்கவில்லை. ஆனால் ஊர் அவர்களைப் பண்டிதர் என்றே அழைத்தது. அந்தப் பெயரோடுதான் அவர்கள் வாழ்ந்து மறைந்தார்கள்.

ஆக, கடல் கடந்து பெறும் பட்டம் ஒன்று, சபை தரும் பட்டம் ஒன்று என இரண்டு ஓட்டங்கள் நம் கல்வியில் ஒரே காலத்தில் இருந்தன. இவை ஒன்றையொன்று சந்தித்த இடத்தைத்தான் கௌரவப் பட்டத்தின் உண்மையான பிறப்பிடமாகக் கொள்ள வேண்டும். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டு வந்தவர்களில் முதலில் நினைக்கப்படும் இருவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும். 1887இல் ஒருவர் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் மற்றவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவர். சாமிநாதையரோ எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காதவர். நாவலருக்குப் பட்டமளித்த அதே திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங்கேட்டவர். அந்தச் சாமிநாதையருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. ஒரே பணி, ஒரே பல்கலைக்கழகம். ஒருவர் தேர்வு எழுதி முன்வாயிலால் நுழைந்தார், மற்றவரை முக்கால் நூற்றாண்டு கழித்துப் பல்கலைக்கழகமே எழுந்து வந்து வரவேற்றது. தாமோதரம்பிள்ளையின் பட்டத்தைச் சாமிநாதையரின் பட்டம் எந்த வகையிலும் குறைக்கவில்லை. தேர்வு எல்லாப் புலமையையும் அளந்துவிடாது என்பதைப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் 1940 ஆகஸ்ட் 7ஆம் திகதி சாந்திநிகேதனிலேயே தனிப் பட்டமளிப்பு நடத்தி, முதுமையில் தளர்ந்திருந்த தாகூருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியதும் இதே பொருள் கொண்டது. எத்தனையோ பேர் கடல் கடந்து தேடிப் போன பல்கலைக்கழகம், ஒருமுறை தானே கடல் கடந்து வந்தது.

யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழகம் வந்த கதையும் இந்த ஒளியில் பார்க்கத்தக்கது. திருகோணமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று தமிழ் அரசியல் இயக்கம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், எதிர்ப்புகளுக்கிடையே, 1974 ஒக்ரோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. க. கைலாசபதி அதன் முதல் தலைவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவரக் கல்லூரியின் வளவு திருநெல்வேலியில் அதன் மையமாயிற்று. விஞ்ஞான வகுப்புகள் தொடக்கத்தில் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியில் நடந்தன. 1823இல் கல்லூரி என்ற பெயரைக்கூடப் பெற முடியாத ஊரில், ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் பல்கலைக்கழக வகுப்பு நடந்தது. இராமநாதன் நுண்கலைக் கழகமும் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, குருகுல முறையில் சங்கீதமும் நடனமும் கற்றவர்களின் அறிவு பட்டப் படிப்புக்குள் வந்தது. 1979 சனவரி 1இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது; சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். நாரந்தனை மாணவருக்குப் பட்டம் இனிப் பண்ணைப் பாலம் கடந்து பேருந்தில் போய்ச் சேரும் தூரத்துக்கு வந்தது. அதற்கும் தடைகள் நேர்ந்தன. 1990, 1991 ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவகத்து மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தார்கள். 1995இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் நிலைகுலைந்தது. பட்டமளிப்பு விழாவை ஆண்டுதோறும் ஒழுங்காக நடத்த முடியாத காலங்கள் அவை.

இத்தகைய சூழலில், தேர்வு எழுதாத புலமைக்கு நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மதிப்பளித்த சில சந்தர்ப்பங்கள் தனித்து நிற்கின்றன. மட்டுவிலில் 1899இல் பிறந்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பல்கலைக்கழகத்தில் படித்தவரல்லர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையில் ஆசிரியர்களுக்கே ஆசிரியராக இருந்தவர். அவரிடம் படித்த ஆசிரியர்கள் வடபகுதிப் பள்ளிகளில் தமிழை வளர்த்தார்கள். 1978இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அவருக்கு இலக்கிய கலாநிதி என்ற கௌரவப் பட்டத்தை வழங்கியது. 1998இல், போர்ச் சூழலில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலை நிருவகித்து, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தி, ஊரூராகச் சமயப் பேருரை நிகழ்த்திய தங்கம்மா அப்பாக்குட்டிக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. இந்த இருவரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொது இயல்பு தெரியும். இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்தவர்களல்லர். அரசியல் அதிகாரம் உடையவர்களுமல்லர். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை, அது இல்லாத இடத்திலும் அதன் கை எட்டாத இடத்திலும் செய்தவர்கள். பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கடன்பட்டிருந்தது. அந்தக் கடனை மேடையில் வைத்து, வேந்தர் முன்னிலையில், எல்லோர் காதிலும் விழச் சொன்னதே அந்தப் பட்டங்களின் பொருள்.

இதற்கு எதிரான வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. முதலாவது, கௌரவப் பட்டம் பிறந்ததே அதிகாரத்தை மகிழ்விக்கத்தான் என்பது. வரலாறு இதற்குச் சாதகமாகவே தோன்றுகிறது. பதிவில் உள்ள முதற் கௌரவப் பட்டத்தை 1470களின் இறுதியில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் லயனல் வுட்வில் என்பவருக்கு வழங்க முன்வந்தது. அவர் அன்றைய இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வேர்ட்டின் மைத்துனர். நம் பக்கத்திலும் கசப்பான அனுபவம் உண்டு. 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியபோது மாணவர் எதிர்ப்பு எழுந்தது, தடியடி நடந்தது, மாணவர் ஒருவரின் உயிர் போயிற்று. அவருடைய இலக்கியப் பணியை மதிப்பவர்களும், பதவியில் இருக்கும் ஆட்சியாளருக்கு அவருடைய ஆட்சிக்கு உட்பட்ட பல்கலைக்கழகம் பட்டம் வழங்குவதில் உள்ள சிக்கலை மறுக்க முடியாது. ஆனால் இந்தச் சான்றுகள் காட்டுவது என்ன? கொடுப்பவர் கடன்படாமல், பெறுபவரின் கையை எதிர்பார்த்துக் கொடுக்கும்போது பட்டம் கெடுகிறது என்பதையே. மறுபக்கத்தில் 1985இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் தன் பழைய மாணவியும் அன்றைய பிரதமருமான மார்கரெட் தட்சருக்குக் கௌரவப் பட்டம் கொடுப்பதா என்று விவாதித்து வாக்கெடுத்தது. கல்விக்கான நிதியை அவருடைய அரசு குறைத்ததைக் காரணமாகக் காட்டி 738 பேர் எதிர்த்தார்கள். 319 பேர் ஆதரித்தார்கள். மன்னரின் மைத்துனருக்குப் பட்டம் நீட்டிய அதே பல்கலைக்கழகம் ஐந்து நூற்றாண்டு கழித்துப் பிரதமருக்கு மறுத்தது. கற்றவர் சபை பகிரங்கமாகக் கூடிக் காரணம் பேசினால் இந்த வழக்கம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. திருவாவடுதுறைச் சபையின் இலக்கணமும் அதுதான்.

இரண்டாவது வாதம் உழைப்பைப் பற்றியது. ஒரு மாணவர் நான்கு ஆண்டுகள் விரிவுரைக்குப் போய், தேர்வு எழுதி, ஆய்வேடு சமர்ப்பித்துப் பெறும் பட்டத்தை, ஒரு மாலை வேளையில் மேலங்கி அணிந்து பெற்றுக்கொள்வது நியாயமா? அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் கௌரவப் பட்டம் வழங்குவதே இல்லை. அதன் நிறுவுநர் வில்லியம் றோஜர்ஸ் காலத்திலிருந்து வரும் கொள்கை அது. வர்ஜீனியாப் பல்கலைக்கழகமும் அப்படியே. அந்தக் கொள்கையில் ஒரு தூய்மை உண்டு; அதை மதிக்க வேண்டும். ஆனால் அந்த நிறுவனங்கள் நின்ற நிலம் வேறு. அங்கே கற்க விரும்பியவருக்குப் பல கல்லூரிகள் இருந்தன. நம் மண்ணில் கற்க விரும்பியவருக்குக் கல்லூரி இருந்தும் பட்டம் இல்லை, பட்டம் இருந்த ஊருக்குப் போகக் கையில் பணமில்லை, போரில் வழியுமில்லை. பண்டிதமணி பட்டத்துக்குரிய உழைப்பைச் செய்யவில்லை என்று எவரும் சொல்லத் துணியார். அவர் அந்த உழைப்பை அரை நூற்றாண்டு செய்தார்; அதை அளந்து சொல்லும் நிறுவனம்தான் இல்லாதிருந்தது. உழைத்துப் பெறுவது, உழைக்காமல் பெறுவது என்று பிரித்தால் கௌரவப் பட்டம் இரண்டாவது பக்கம் விழும். பல்கலைக்கழகத்துக்குள் உழைத்தது, வெளியே உழைத்தது என்று பிரித்தால்தான் அதன் இடம் சரியாகத் தெரியும். இந்த வரையறை போலிகளையும் காட்டிக்கொடுக்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு விடுதி மண்டபங்களில் கலாநிதிப் பட்டம் வழங்கும் அமைப்புகள் இன்று இலங்கையிலும் தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பெருகியிருக்கின்றன. அவற்றைப் பெறுபவர் பெயருக்கு முன்னே கலாநிதி என்று எழுதிக்கொள்கிறார். கொடுத்த சபை எது, அந்தச் சபைக்குப் பெற்றவரின் துறையில் என்ன புலமை உண்டு என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டாலே அந்தப் பட்டங்கள் உதிர்ந்துவிடும்.

மூன்றாவது வாதம் மாணவர் சார்பானது. பட்டமளிப்பு விழா பட்டதாரிகளுடைய நாள். கடற்றொழில் செய்தும் தோட்டம் செய்தும் பிள்ளையைப் படிக்க வைத்த பெற்றோர், தங்கள் பிள்ளையின் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்க வந்து அமர்ந்திருக்கிறார்கள். அந்த மேடையில் பெரியவர் ஒருவரைப் பற்றி நீண்ட புகழுரை படிப்பது அவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வதல்லவா? இந்த வாதத்தில் உள்ள அக்கறை நேர்மையானது. விழாவை நீட்டிக்கும் புகழுரைகளைக் குறைக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனாலும் புதிய பட்டதாரிகளையும் அந்தப் பெரியவரையும் ஒரே மேடையில் நிறுத்துவதில் ஒரு கல்விப் பயன் உண்டு. பட்டம் கையில் கிடைத்த நாளில், பட்டம் இல்லாமலே அதற்கு மேற்பட்ட அறிவைத் தேடியவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள் என்று அந்த இளைஞர்கள் அறிவது நல்லது. தீவகத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது இன்னும் நெருக்கமானது. தன் ஊர்ப் பண்டிதரையும் அண்ணாவியாரையும் போன்ற ஒருவருக்குப் பல்கலைக்கழகம் தலைவணங்குவதை அவர் காண்கிறார். தான் படித்து முடித்த கல்வி, தன் ஊரின் அறிவை விட்டு விலகி ஓடுவதற்கல்ல என்ற எண்ணம் அங்கே ஊன்றப்படுகிறது.

எல்லாவற்றிலும் வலிமையான எதிர்ப்பு வாதமாக வராமல் ஒரு மறுப்பாக வந்தது. எழுத்தாளர் டொமினிக் ஜீவா சாதி இழிவின் காரணமாக ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். யாழ்ப்பாண நகரில் தம் குடும்பத்தின் சிகையலங்கார நிலையத்தில் வேலை செய்தபடியே எழுதியவர். அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஈழத்து எழுத்தாளர் பலரை உருவாக்கியது. அந்த ஜீவாவுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் வழங்க முன்வந்தது. அவர் ஏற்க மறுத்தார். அவர் உள்ளத்தை ஊகிப்பது இங்கே நம் வேலையல்ல. அந்த மறுப்பு பல்கலைக்கழகத்தின் முன் வைத்த கேள்வியே முக்கியம். கௌரவப் பட்டத்தில் படிநிலை எதற்கு? முதுமாணி, கலாநிதி என்ற ஏணி மாணவருக்கு உரியது. ஒரு படியில் கற்றதைச் சோதித்து அடுத்த படிக்கு விடுவதற்காக அமைந்தது. வாழ்நாள் முழுவதும் செய்து முடித்த பணியை அந்த ஏணியில் வைத்து, உமக்கு இந்தப் படி என்று சொல்வது கடனைத் தீர்ப்பதாகாது. கடனில் ஒரு பகுதியை மட்டும் ஒப்புக்கொள்வதாகும். அதிலும் பள்ளிக்கூடத்திலிருந்து சாதியால் விரட்டப்பட்ட ஒருவருக்குக் கல்வி நிறுவனம் செலுத்த வேண்டிய கடன் இருமடங்கு. அவர் இலக்கியத்துக்குச் செய்ததற்கான கடன் ஒன்று. அவருக்குக் கல்வியை மறுத்ததற்கான கடன் இன்னொன்று. ஜீவா 2021இல் மறைந்தார். அவர் மறுப்பு கௌரவப் பட்டத்தையே மறுக்கும் வாதமல்ல என்று நான் கருதுகிறேன். கொடுக்கும்போது முழுமையாகக் கொடுங்கள் என்ற கட்டளையாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சான்றுகளிலிருந்து கிடைக்கும் நெறிகள் எளியவை. இலங்கையின் 1978ஆம் ஆண்டு 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் கௌரவப் பட்டம் வழங்கும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது மூதவையும் பேரவையும் தாங்கள் கூறும் காரணத்தை எழுத்தில் வைத்து, பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். பதவியில் இருப்பவருக்கும் பல்கலைக்கழகத்துக்கு நிதி கொடுக்க இருப்பவருக்கும் அந்தக் காலத்தில் பட்டம் கொடுக்கலாகாது. வாழ்நாள் பணிக்குப் பட்டம் என்றால் அது கலாநிதிப் பட்டமாகவே இருக்க வேண்டும். பெறுபவர் தளர்ந்திருந்தால் சாந்திநிகேதனுக்கு ஒக்ஸ்போர்ட் போனதைப் போலப் பல்கலைக்கழகம் அவர் ஊருக்குப் போக வேண்டும். நாரந்தனைக்கும் நெடுந்தீவுக்கும் போக வேண்டும். யாருடைய அறிவை அறிவென்று கொள்வது என்பதிலும் பார்வை விரிய வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதைச் செலுத்தியவர்கள் வல்வெட்டித்துறைக் கடலோடிகள். அவர்களுக்குக் காற்றும் நீரோட்டமும் விண்மீனும் தெரியும். அதே அறிவின் ஒரு பங்கு ஊர்காவற்றுறைத் துறைமுகத்திலும் தலைமுறை தலைமுறையாக இருந்தது. தோணி கட்டும் மேத்திரிமார், நாட்டுக்கூத்தை வழிவழியாகக் காத்த அண்ணாவிமார், பரம்பரை வைத்தியர்கள் ஆகியோரின் அறிவை அளக்கும் தேர்வுத்தாளை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் எழுதவில்லை. அந்த அறிவைத் தேடிச் சென்று கற்று, பதிந்து, பிறகு அதற்கு உரியவரை மேடைக்கு அழைப்பதுதான் பல்கலைக்கழகம் தீவகத்துக்குச் செலுத்த வேண்டிய கடனில் மிகப் பெரிய பகுதி. அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்பவர்கள் முதியவர்கள். கடனைத் தீர்க்கும் காலம் நீண்டதல்ல. தொடங்க வேண்டியது இப்போதே.